கூப்பனைப் பறிக்க ஒரு பணப்பை!

“ஏழை யார், பணக்காரன் யார் என்ற விசாரணையே வேண்டாம், உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் சர்க்கார் ஒரு தொகை கொடுத்துவிடட்டும்.” சில வருஷங்களாகவே பொருளாதார நிபுணர்கள் இந்த யோசனையைப் பேசி வருகிறார்கள். ‘அனைவருக்கும் அடிப்படை வருமானம்’ என்று அதற்குப் பெயர். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. பஞ்சாலைத் தோழர்கள் சிலரே, “இதை நாம் ஏன் ஆதரிக்கக் கூடாது?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

2017 ஜனவரி 31-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட பொருளாதார ஆய்வறிக்கையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் தயாரித்த அறிக்கை அது. அத்தியாயத்தின் தலைப்பிலேயே மகாத்மாவை இழுத்து வைத்திருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: ஆளுக்கு வருஷத்துக்கு 7,620 ரூபாய். மாதம் 635. ஒரு நாளைக்கு 21 ரூபாய்கூட முழுதாகத் தேறாது!

‘அனைவருக்கும்’ என்ற சொல்லாவது நிஜமா? மேல்தட்டில் நூற்றுக்கு 25 பேரைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். பணக்காரனைக் கழிப்பதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் கழிக்க வேண்டுமென்றால் விசாரணை வேண்டுமே! விசாரணை என்று வந்தால் பட்டியலிலிருந்து யார் பெயர் முதலில் விழும் என்பது தாலுகா ஆபீசுக்கு அலைந்து கால் தேய்ந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் சூது இருக்கிறது. இப்போதுள்ள திட்டங்களோடு கூடுதலாக இதையும் கொடுத்தால் கஜானா தாங்காது, அவற்றுக்குப் பதிலாகத்தான் இது வர வேண்டும் என்கிறது அறிக்கை. ரேஷன் அரிசியும், உர மானியமும், நூறு நாள் வேலையும் அவர்கள் கணக்கில் ‘இப்போதுள்ள திட்டங்கள்’. தாங்காத அந்தக் கஜானாதான் 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வரும்படி போகும் என்று சர்க்காரே சொல்லிற்று. அப்போது எந்த நிபுணரும் கஜானாவுக்காக மாரடித்துக் கொள்ளவில்லை.

அரிசியும் காசும் ஒன்றுதானே என்பார்கள். தஞ்சைப் பக்கத்து விவசாயத் தொழிலாளியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! நெல் விலை ஏறினால் கூலியைக் காசாக வாங்கிக்கொள் என்பதும், விலை இறங்கினால் நெல்லாக அள்ளிக்கொண்டு போ என்பதும் மிராசுதாரின் பழைய வித்தை. அரிசி விலை இரட்டித்தாலும் இருபது கிலோ இருபது கிலோதான். 635 ரூபாய் அப்படி நிற்குமா? விலை ஏறினால் பணத்தின் வலு குறையும் என்று அந்த அறிக்கையே ஒரு மூலையில் ஒப்புக்கொள்கிறது. பஞ்சப்படியை விலைவாசிப் புள்ளியோடு சேர்த்துக் கட்டுவதற்கு ஆலைத் தொழிலாளி எத்தனை வேலைநிறுத்தம் செய்திருக்கிறான்!

சமையல் எரிவாயுவில் இந்த நாடகம் நடந்தே முடிந்துவிட்டது. 2015 ஜனவரியிலிருந்து நாடெங்கும் முழு விலையையும் கொடுத்துச் சிலிண்டர் வாங்கு, மானியம் பாங்கியில் விழும் என்றார்கள். விழுந்தது. 2020 மே மாதத்தோடு பெரும்பாலான குடும்பங்களுக்கு அது நின்றுபோயிற்று. 2022-ல் சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டிய பிறகும் திரும்பி வரவில்லை. கடையை மூடினால் ஊரே வாசலில் கூடிக் கேட்கும். பாங்கியில் விழாத பணத்தை எந்த வாசலில் போய்க் கேட்பது? புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதில் பணம் என்று ஆரம்பித்து, பிறகு ரேஷன் கடைகளே வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2024-ல் மறுபடியும் திறக்க வேண்டி வந்தது.

கூலி விஷயம் இன்னும் பொல்லாதது. 1795-ல் இங்கிலாந்தில் ஸ்பீன்ஹாம்லாந்து என்ற ஊரில் மாஜிஸ்டிரேட்டுகள் கூடினார்கள். ரொட்டி விலை ஏறிக் கிடந்த சமயம். சட்டம் போட்டுக் கூலியை உயர்த்தலாம் என்ற பேச்சைத் தள்ளிவிட்டு, குறைகிற தொகையைக் கிராமத்து வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டுவதென்று முடிவு செய்தார்கள். பண்ணை முதலாளி விடுவானா? வயிற்றுக்குப் போதாத கூலியைக் கொடுத்துவிட்டு, மீதியைத் தரும உதவியின் தலையில் கட்டினான் என்று மார்க்ஸ் ‘மூலதன’த்தில் எழுதியிருக்கிறார். 1830-ல் அந்த உழவர்கள் கொதித்தெழுந்து கதிரடிக்கும் யந்திரங்களை உடைத்தார்கள். 1834-ல் அந்த உதவியும் பறிபோயிற்று. வேண்டுமானால் உழைப்பு விடுதிக்குள் அடைபடு என்று புதுச் சட்டம் வந்தது. நாளைக்கு நம்மூர் மில் முதலாளியும், “சர்க்கார்தான் பணம் தருகிறதே, கூலி உயர்வு எதற்கு?” என்று கேட்கமாட்டானா?

ஏழைக்குக் காசு கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவான் என்கிற கூட்டத்தோடு நாம் சேரவில்லை. 2011-ல் மத்தியப் பிரதேசக் கிராமங்கள் சிலவற்றில் சேவா சங்கத்தார் மாதப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் நன்றாகச் சாப்பிட்டன, பள்ளிக்கூடம் போயின. ஜனங்கள் சோம்பேறியாகவும் இல்லை. ஆனால் அங்கே ரேஷனை நிறுத்தவில்லை, அதற்கு மேல்தான் பணம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் ஆரம்பித்த மகளிர் உரிமைத் தொகையும் ரேஷன் கடையை மூடிவிட்டு வந்ததல்ல. அப்படி வருவதை நாம் வரவேற்கிறோம். இன்னும் உயர்த்து என்றும் கேட்போம்.

ஆகவே தோழர்களே, இந்தத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு எவர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் நிறுத்திக் கேளுங்கள்: ரேஷன் கடை இருக்குமா? குறைந்தபட்சக் கூலி உயருமா? விலை ஏறினால் தொகையும் ஏறும் என்று சட்டத்தில் எழுதுவாயா? கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்த வரியைத் திரும்ப வாங்குவாயா? இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் வரும்வரை ரேஷன் கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்.