கழிவு காசாகிறது, பங்கு யாருக்கு?

சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்து மீண்டும் உபயோகிக்கச் சொன்னால் பனியன் தொழிலே அழிந்துவிடும் என்று திருப்பூரில் ஒரு காலத்தில் கூக்குரல் எழுந்தது. அந்தக் கூக்குரலின் மறைவில் நொய்யல் ஆறு உப்பாறாகியது. 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பயன்படாமல் சாயநீர்த் தேக்கமாயிற்று. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய விவசாயிகள், இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று போராட நேர்ந்தது. இதைவிடக் கொடுமை வேறு உண்டா?

விவசாயிகள் ஐகோர்ட்டுக்குச் சென்றார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விழக்கூடாது என்று 2006-ல் உத்தரவாயிற்று. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அப்படியும் உத்தரவு நிறைவேறவில்லை. 2011 ஜனவரியில் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட் கட்டளையிட்டது. முதலாளிகள் செய்த குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தவன் தொழிலாளி. வேலையிழந்து ஊருக்கு மூட்டை கட்டியவன் அவன்தான்.

பிறகு நடந்தது என்ன? தொழில் அழிந்ததா? இல்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் யந்திரங்களும் வந்தன. கழிவுநீரின் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பிப் பட்டறைக்கே வருகிறது. சாயமேற்றப் பயன்படும் உப்பும் மீட்கப்படுகிறது. காசு கொடுத்து வாங்கிய தண்ணீரும் உப்பும் மிச்சமாகின்றன. முடியாது என்று சொன்னது முடிந்துவிட்டது!

துணிக் கழிவின் கதையும் இதுவே. பனியன் கம்பெனிகளில் விழும் கட்டிங் வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரித்தால், ஓ.இ. மில்கள் அதைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக நூற்கின்றன. சிவப்புத் துண்டு சிவப்பு நூலாகிறது. புதிதாகச் சாயம் வேண்டாம், உப்பு வேண்டாம், கழிவுநீரும் இல்லை. ஆனால் பல சிறு கம்பெனிகளில் துண்டுகள் குப்பையோடு குப்பையாகக் கலந்து போகின்றன. நகரத்துக் குப்பையைப் பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்து 2025-ல் சுற்றுக் கிராம ஜனங்கள் போராடியதை நாம் மறக்கவில்லை. பிரித்து வைத்தால் காசு. கலந்து கொட்டினால் விஷம். எது லாபம் என்று கணக்குத் தெரிந்த முதலாளிகளே சொல்லட்டும்.

செலவு இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. தண்ணீரை ஆவியாக்க மின்சாரமும் விறகும் வேண்டும். சிறு பட்டறைக்காரரால் தனியே தாங்க முடியாது. ஆகவே சர்க்கார் குறைந்த வட்டியில் கடன் தரவேண்டும். இதே கட்டுப்பாடு நாடு முழுவதும் அமலாக வேண்டும். இல்லையேல் வேறு ஊரின் ஆற்றைக் கெடுத்து மலிவாகச் சாயமிடுகிறவனே சந்தையைப் பிடிப்பான். சுத்தமான துணி என்று பெருமை பேசி விற்கும் வெளிநாட்டு வியாபாரிகளும் அதற்குரிய விலையைக் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் மிச்சமாகும் காசு யாருடையது? துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிப்பவை பெண்களின் கைகள். பஞ்சுத் தூசியைச் சுவாசிப்பது மில் தொழிலாளியின் நுரையீரல். கழிவுத் தொட்டியில் இறங்கி மூச்சுத் திணறிச் செத்தவர்களும் ஏழைத் தொழிலாளர்களே. பாதுகாப்புச் சாதனமின்றி மனிதனைத் தொட்டியில் இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்த பிறகும் இந்தச் சாவுகள் நிற்கவில்லை. துணியை மீட்கத் தெரிந்தவர்களுக்கு மனித உயிரைக் காக்கத் தெரியாதா?

ஆகவே நாம் கோருகிறோம்: ஒவ்வொரு கம்பெனியும் கட்டிங் வேஸ்ட்டைத் தன் வாசலிலேயே பிரித்து வைக்கவேண்டும். பிரிக்கும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, ஈ.எஸ்.ஐ., பிராவிடண்ட் பண்ட் கிடைக்கவேண்டும். தொட்டிகளை யந்திரமே சுத்தம் செய்யவேண்டும். மழையிரவில் ஆற்றில் கள்ளத்தனமாகச் சாயநீர் விடுவதைத் தடுக்க, கண்காணிப்புக் குழுக்களில் விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் இடம் தரவேண்டும்.

ஆறு கெட்டால் முதலில் வயல் வேலை போகிறது. பட்டறை மூடினால் ஆலை வேலை போகிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் வயலிலும் தங்கை பனியன் கம்பெனியிலும் உழைக்கிறார்கள். இந்த இருவரையும் மோதவிட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு இடம் கொடாதீர்கள். ஆறும் வேண்டும், தொழிலும் வேண்டும், நியாயமான கூலியும் வேண்டும். மூன்றையும் ஒருசேரக் கேட்போம்!