புரெவி ஏமாற்றியதா?

"வானத்துல செயற்கைக்கோள் வச்சிருக்காங்க, புயல் எங்க போகும்னு சொல்லத் தெரியல." 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்துபோனதிலிருந்து மதுரை டீக்கடைகளில் மழைக்காலந்தோறும் கேட்கும் பேச்சு இது. நடந்தது உண்மைதான். பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றார்கள். அதுவோ ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவிலேயே நின்று வலுவிழந்தது. மழை கொட்டியது தூரத்துச் சிதம்பரம் பக்கம். ஆனால், அதனால் செயற்கைக்கோளே வீண் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

புயல் தானாக நடப்பதில்லை. ஆற்றில் விழுந்த சருகை ஓட்டம் இழுப்பதுபோல, சுற்றிலும் உயரத்தில் வீசும் காற்றுதான் அதை இழுத்துப்போகிறது. நடுக்கடலில் அந்தக் காற்றை யார் அளப்பது? அப்போது இன்சாட் 3டி, 3டிஆர் செயற்கைக்கோள்கள் இரண்டும் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து அரை மணிக்கு ஒரு படம் எடுத்தன. ஒரு மேகத் துணுக்கு அடுத்த படத்துக்குள் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அங்கே வீசும் காற்றின் வேகமும் திசையும் கிடைத்துவிடும். மேகமில்லாத இடத்தில் நீராவியின் நகர்வைப் பார்ப்பார்கள். கணினிக் கணிப்புக்கு இதுவும் ஒரு தீனி. புரெவியைச் சுற்றி அந்த இழுவை ஓய்ந்துபோனது. ஓட்டம் நின்ற தண்ணீரில் சருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்வது கடினம்.

இன்னொன்று. வலுவில்லாத புயலுக்குக் கண் இருக்காது. மேலே படரும் வெண்மேகம் மையத்தை மூடிவிடும். மேகத்தை ஊடுருவும் நுண்ணலைக் கருவிகள் துருவம் சுற்றும் செயற்கைக்கோள்களில் இருப்பதால், இடைவெளி விட்டுத்தான் நம் தலைக்கு மேல் வரும். அதனால்தான் வானிலைத் துறை ஒற்றைக் கோடு மட்டும் போடாமல், போகப்போக அகலும் கூம்பையும் வரைகிறது. நாம் அந்தக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்பார்கள். இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில் பயணிகளோடு கடலுக்குப் பலியானது. செயற்கைக்கோள் இருந்த 2018 நவம்பரில் கஜா புயல் முதலில் வடதமிழகம் நோக்கி வருவதாகத்தான் கணித்தார்கள். நாளுக்கு நாள் திருத்தினார்கள். நாகை – வேதாரண்யம் இடையே அது கரையேறும்போது 80,000 பேருக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள். உயிரிழப்பு அப்போதும் நேர்ந்தது. முகாமுக்குப் போகாதிருந்தால் எத்தனை ஆகியிருக்கும்?

"அது கடற்கரைக்காரங்க கவலை" என்பதும் தப்பு. அதே கஜா திண்டுக்கல் வரை வந்து கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்தது. புயல் எந்த வழியில் மேற்கே போகிறது என்பதைப் பொறுத்தே வைகை பிறக்கும் வருசநாட்டு மலையில் மழை. வைகை அணை 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை வரும். மொத்த உயரமே 71 அடிதான். இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்தால், ஆற்றுக்குள் மாடு கட்டியிருப்பவர் பகலிலேயே அவிழ்த்துக் கரையேற்றலாம்.