கருப்பு எங்கிருந்து வந்தது?

 

எங்க அம்மா போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போறாங்க. போடியிலும் புத்தடியிலும் நடக்கிற ஏலத்தில் நல்ல பச்சைக் காய்க்குத்தான் விலை. வெளுத்த காய்க்கு மணம் இருந்தாலும் மதிப்பு குறைவு. அதனால் சிலர் சாயம் ஏற்றினார்கள், அதிகாரிகள் பிடித்தார்கள். இது நம் ஊரே அறிந்த கதை. "கண்ணுதான்டி வாங்குது, மூக்கு வாங்கல" என்பாங்க அம்மா.

போன வாரம் ஒரு கோலா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், "அனுமதிக்கப்பட்ட இயற்கை நிறம் 150டி" என்று இருந்தது. அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். 150 என்றால் கேரமல் நிறமாம். அதில் நாலு வகை. 'ஏ' வகை, நம் வீட்டில் கேக்குக்குச் சீனியைக் கருக்குகிற மாதிரி. 'பி' வகையில் சல்பைட் சேரும். 'சி' வகையில் அம்மோனியா சேரும். 'டி' வகையில் இரண்டுமே சேரும்.

'சி', 'டி' இரண்டிலும் 4-மெத்தில் இமிடசோல் என்ற பொருள் கொஞ்சம் உண்டாகிறது. இதை நிறையக் கொடுத்த சுண்டெலிகளுக்கு நுரையீரலில் கட்டி வந்தது. 2011-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் சேர்த்தது. 2012 முதல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஒரு பொருளால் தினமும் 29 மைக்ரோகிராமுக்கு மேல் இது உடம்பில் சேரும் என்றால் எச்சரிக்கை போட வேண்டும். பெரிய கோலா கம்பெனிகள் அங்கே தயாரிப்பு முறையையே மாற்றின.

உடனே பயந்துடாதீங்க! ஒரு பாட்டில் குடிச்சா நோய் வரும்னு நான் சொல்லல. அளவோடு சேர்க்கச் சட்டமும் அனுமதிக்கிறது. என் கேள்வி வேறு. அம்மோனியா சேர்த்துக் காய்ச்சியதை 'இயற்கை' என்று எழுதலாமா?

"சீனியிலிருந்துதானே வருது?" என்றாள் என் தோழி. ஆமாம். சாயம் ஏத்துன ஏலக்காயும் ஏலச்செடியில் காய்ச்சதுதான்! அதைத் தப்பு என்கிற நாம், இதை மட்டும் ஏன் கேட்காமல் விடுகிறோம்?

எதைச் சேர்த்தார்கள் என்பதைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடட்டும். அதுவரை கடையில் காசு கொடுக்கும் முன் பாக்கெட்டைத் திருப்புங்க. 150-க்குப் பக்கத்தில் என்ன எழுத்து என்று பாருங்க.

சிந்திப்போம்! படித்து வாங்குவோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி