கைராசி என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்

போன சித்திரையில் ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றார். "சார், எனக்குக் கைராசி இல்லையாம். கடைக்காரரே சொல்லிட்டார்" என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் குழித்தறியில் நெய்தவர், காலமாகிவிட்டார். இந்த அம்மாள் நாற்பது வருஷம் தார் சுற்றியவர். பட்டு இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவார். அந்தக் கைக்கு ராசி இல்லையாம்! எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தில் எழுதுவதுதான்.

அவர் மாடியில் இருபது பைகள் வைத்திருந்தார். தக்காளி, கத்தரி, கீரை. வீட்டுக்குப் போக மிச்சத்தைத் தெருவில் விற்கலாம் என்று எண்ணம். பைகளில் மண் கிடையாது, முழுக்க கோகோபீட், அதாவது தென்னை நார்க்கழிவுத் தூள். கடையில் சொன்ன முறை இது: கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு அப்படியே பையில் நிரப்புங்கள், 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து வாரம் இரண்டு முறை ஊற்றுங்கள், அடியில் தட்டு வையுங்கள், ஒரு சொட்டு வடிந்தாலும் உரம் வீண்.

போய்ப் பார்த்தேன். இலை ஓரமெல்லாம் தீயில் காட்டியது போல் கருகியிருந்தது. தக்காளிக் காய்களின் அடிப்பக்கம் கறுத்து அழுகியிருந்தது. தட்டை எடுத்துவிட்டு, ஒரு பையில் வெறும் தண்ணீரை அடியில் வடியும் வரை ஊற்றினேன். டிகாஷன் நிறத்தில் இறங்கிய தண்ணீரை டம்ளரில் பிடித்து, என்னிடம் இருக்கும் ஈ.சி. மீட்டரை விட்டுப் பார்த்தேன். 5.8 காட்டியது. காய்க்கிற தக்காளிக்கே 2 முதல் 2.5 வரை போதும். அந்த அம்மாள் செடிக்குச் சாப்பாடு போடவில்லை. சொன்னபடி செய்து உப்புக் கண்டம் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

ஈ.சி. என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. தண்ணீரில் கரைந்த உப்பு எவ்வளவோ அவ்வளவு மின்சாரம் அதில் பாயும். அந்த மின்கடத்துத் திறனை அளக்கும் எண் அது. உரமும் ஒருவகை உப்புதான். தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் விற்க வருகிறவர் கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெரும்பாலான மீட்டர்களில் 500 என்று காட்டினால் ஈ.சி. ஏறக்குறைய 1 என்று வைத்துக்கொள்ளலாம். சிலவற்றில் 640க்கு 1. உங்கள் மீட்டர் எந்தக் கணக்கு என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் படிப்பு. அறிவியல் வாத்தியார் எதற்கெடுத்தாலும் "மெஸூரே!" என்பார். அளந்து பார் என்று அர்த்தம். பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளரைப் பற்றி அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. 1830களில் அல்சாஸ் பகுதியில் தம் பண்ணையில் போட்ட எருவையும் அறுத்த விளைச்சலையும் எடைபோட்டு, வரவு செலவுக் கணக்கே எழுதியவர். பிறகு, சூடேற்றிச் சத்தெல்லாம் போக்கிய மணலில் செடி வளர்த்து, தாம் அளந்து கொடுத்ததை மட்டும் செடி எப்படி எடுக்கிறது என்று பார்த்தார். இன்றைக்கு நாம் கோகோபீட்டில் செய்வது ஏறக்குறைய அதுதான். அவர் அளந்தார், நாம் அளப்பதில்லை.

மண்ணுக்குத் தாராள மனசு உண்டு. கொஞ்சம் அதிகம் போட்டாலும் களிமண்ணும் மக்கும் பிடித்து வைத்துக்கொள்ளும், மீதி கீழே இறங்கிவிடும். நார்த்தூளில் அந்தத் தாராளம் இல்லை. பை சின்னது. வேர் போக வேறு இடம் கிடையாது. வெயில் தண்ணீரை மட்டும்தான் குடிக்கும், உப்பைக் குடிக்காது. ஒவ்வொரு தடவையும் உரத்தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டும் வடியவிடாமல் தடுத்தால், நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைய வரவு ஏறும். அரசாங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பேரேடு எழுதியவன் சொல்கிறேன்: இருப்பைப் பார்க்காமல் வரவு மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை. பையின் அடியில் வடிகிற தண்ணீர்தான் அதன் இருப்புக் கணக்கு. தட்டு வைத்து அதை மறைக்கச் சொல்வது என்ன யோசனை?

இரண்டாவது குற்றம், கழுவாமல் நிரப்பச் சொன்னது. நார்த்தூளில் பிறவியிலேயே பொட்டாசியமும் சோடியமும் ஏராளம். உப்புத்தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்தது என்றால் கேட்கவே வேண்டாம். நார்த்தூள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். நாம் கால்சியம் கொடுத்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் போய்ச் சேராது. தக்காளி அடிப்பக்கம் கறுப்பது அதனால்தான். 19:19:19இல் கால்சியமே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சாயக்காரர் யாரையாவது கேளுங்கள். பச்சைப் பட்டை அப்படியே சாயத்தில் முக்குவாரா? சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி, பசையை எடுத்து, பலமுறை அலசிய பிறகுதான் சாயத்தொட்டிப் பக்கமே கொண்டுபோவார். அதில் பட்டின் எடை ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். அதை நஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அலசுவதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

முறை இதுதான். கட்டியை ஊறவைத்து, வடித்து, நல்ல தண்ணீரில் மூன்று தடவையாவது அலசுங்கள். வடிகிற தண்ணீரின் எண் நீங்கள் ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குக் கிட்டே வர வேண்டும். பிறகு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் வடித்து, ஒருமுறை அலசிப் பைகளில் நிரப்புங்கள். உரம் கலக்கும் முன் உங்கள் தண்ணீரையே அளந்து பாருங்கள். எங்கள் தெரு போர் தண்ணீர் ஒன்றும் கலக்காமலேயே 0.9. அதை மறந்துவிட்டுப் பாக்கெட்டில் உள்ளபடி கலந்தால் கணக்கு எங்கே நிற்கும்? நாற்றுக்கும் கீரைக்கும் மொத்தம் 1க்குச் சற்று மேலே போதும். போர் தண்ணீரே அவ்வளவு வந்துவிட்டால் மழைத்தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஊற்றினால் 100 முதல் 200 மில்லி வடியட்டும். வடிந்தது ஊற்றியதைவிட 1க்கு மேல் கூடுதலாகக் காட்டினால், அடுத்த தடவை நீர்த்த கரைசலைத் தாராளமாக ஊற்றிக் கழுவிவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் உரத்தை இன்னும் குறையுங்கள். செடிக்கு அப்போது தாகம்தான் அதிகம், பசி இல்லை.

மீட்டரையும் முழுக்க நம்பிவிடாதீர்கள். 19:19:19இல் தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவாக இருக்கும். யூரியா மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் மீட்டர் காட்டுவதைவிட உள்ளே இருப்பது அதிகம்.

"வடியவிட்டால் அது சாக்கடைக்குத்தானே போகும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லிட்டருக்கு ஒரே ஒரு கிராம் 19:19:19 கலந்தாலும் அதில் தழைச்சத்து 190 மில்லிகிராம். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறக்குறைய 840 மில்லிகிராம். குடிதண்ணீரில் நைட்ரேட்டுக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 45. பதினெட்டு மடங்குக்கு மேல்! உப்பு எங்கேயும் மாயமாய்ப் போவதில்லை. திருப்பூர்ச் சாயத்தண்ணீர் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறும் வயலும் கெட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதை மறக்க முடியுமா? ஒரு மாடியும் ஒரு ஆலையும் சமமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாடிகள் பெருகுகின்றன. வேகவதி ஏற்கெனவே எந்த நிலைமையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

அதற்கு வழி தட்டு வைத்துத் தேக்குவது இல்லை. கரைசலை நீர்த்ததாகக் கலப்பதுதான் முதல் வழி. வடிந்ததை வாளியில் பிடித்து, சம அளவு நல்ல தண்ணீர் சேர்த்து, மண்ணில் நிற்கும் வாழைக்கோ செம்பருத்திக்கோ இடம் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். அதே பைக்குத் திருப்பி ஊற்றாதீர்கள். கீழே மண்ணே இல்லாத வீடு என்றால், பையில் பாதிக்குப் பாதி மண்ணும் மக்கிய எருவும் சேருங்கள். உரக் கரைசலின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும்.

கோகோபீட் மேல் எனக்குப் பகை இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாய்க் குவிந்து கிடந்த கழிவு ஒரு காசுள்ள பொருளாகியிருக்கிறது, நல்லதுதான். 2013இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டம் கொண்டுவந்தபோது பெட்டிக்குள் வைத்ததும் இதைத்தான். மாடிக்குப் பாரம் குறைவு என்பதும் உண்மை. என் சண்டை விற்கிறவர்களோடு. கட்டியைக் கழுவியதா கழுவாததா என்று அட்டையில் எழுதுங்கள். அதன் ஈ.சி. எண்ணைப் போடுங்கள். அதிகம் ஊற்றச் சொல்லி உரத்தையும் விற்று, செடி செத்தால் வாங்கினவர் கையைக் குற்றம் சொல்லாதீர்கள். அதுவும் காலமெல்லாம் கையை நம்பிப் பிழைத்தவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள்.

அந்த அம்மாள் ஆடியில் எட்டுப் பைகளோடு மறுபடி ஆரம்பித்தார். தார் சுற்றிய மாதிரியே பொறுமையாக அலசினார். இரண்டு செடி போயிற்று, ஆறு நின்றது. தினமும் காலையில் மதில்மேல் எட்டி, "சார், இன்னிக்கு 1.9" என்று குரல் கொடுக்கிறார். தக்காளி சுமார்தான். ஆனால் அடி கறுக்கவில்லை.

மீட்டர் என் வீட்டில்தான் இருக்கிறது. தெருவில் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். திருப்பிக் கொடுக்கும்போது நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுத்தால் போதும்.