லாத்தூர் உரையும் வெளிவராத மாற்றுக் கருத்தும்

இந்தியத் தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கு, திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதி வாக்காளர் ஒருவரின் திறந்த மடல்

போர் நடக்கும்போதோ அதன் சூடு ஆறுமுன்னரோ தேர்தல் வருமானால், வேறெந்தக் கட்சிக்கும் கிட்டாத ஒரு கருவி, அதாவது இராணுவத்தின் பெயர், ஆளுங்கட்சியின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அதை எடுக்கவிடாமல் தடுக்கும் பொறுப்பு, தேர்தல்களைக் கண்காணித்து நெறிப்படுத்தி நடத்தும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 324ஆம் பிரிவு வழியாகப் பெற்றுள்ள தங்கள் ஆணையத்தையே சார்ந்தது. அப்பொறுப்பு 2019ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் சரிவர நிறைவேற்றப்படவில்லை என்பதே இம்மடலின் வாதம்.

அவ்வாண்டு பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய சேமக் காவல் படையினர் 40 பேர் கொல்லப்பட்டதும், 26 அன்று இந்திய விமானப்படை பாலகோட்டில் குண்டு வீசியதும், மறுநாள் விமானி அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தானிடம் பிடிபட்டு மார்ச் 1 அன்று விடுவிக்கப்பட்டதும் அனைவரும் அறிந்தவை. அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் இதே திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள திருப்பனமூர் என்பதால் இங்குள்ளோருக்கு அந்நாட்கள் இன்னும் நெருக்கமானவை. அவர் விடுதலையான அன்றே கன்னியாகுமரியில் பேசிய பிரதமர், அவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதில் ஒவ்வோர் இந்தியருக்கும் பெருமை என்றார். தேர்தல் அறிவிப்பு வெளியானது மார்ச் 10 அன்றுதான் என்பதால், அப்பேச்சை விதிமீறல் என்று சொல்ல இடமில்லை.

தேர்தல் அறிவிப்புடன் நடைமுறைக்கு வரும் நன்னடத்தை விதிகள் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல; 1960இல் கேரளச் சட்டமன்றத் தேர்தலையொட்டி உருவான ஏற்பாட்டிலிருந்து வளர்ந்து வந்தவை. எனவே அவற்றின் வலிமை முழுவதும் அவற்றைக் கையாளும் ஆணையத்தின் உறுதியில்தான் இருக்கிறது. படைவீரர்களின் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தலாகாது என்று 2013இல் பிறப்பித்த அறிவுரையை, ஆணையம் 2019 மார்ச் 9 அன்று மீண்டும் நினைவூட்டியது. தில்லிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பகிர்ந்த, அபிநந்தன் படம் தாங்கிய சுவரொட்டிகளை நீக்குமாறு ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு அது ஆணையிட்டது. இராணுவத்தை ‘மோடியின் சேனை’ என்றழைத்த உத்தரப் பிரதேச முதலமைச்சரை, இனிக் கவனமாகப் பேசுமாறு அறிவுறுத்தியது. சிறியவர்களிடம் கண்டிப்பும் முதலமைச்சரிடம் அறிவுரையுமாக இறங்கி வந்த அந்த உறுதி, பிரதமரிடம் வந்தபோது முற்றிலும் கரைந்துபோனது.

ஏப்ரல் 9 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் பேசிய பிரதமர், முதன்முறை வாக்களிக்கும் இளைஞர்களின் வாக்கைப் பாலகோட் தாக்குதலை நடத்திய வீரர்களுக்கும் புல்வாமாவில் உயிர்நீத்தவர்களுக்கும் அர்ப்பணிக்க முடியுமா என்று கேட்டார். வீரரின் படத்தை ஒட்டினால் குற்றம், அவர் பெயரால் வாக்கே கேட்டால் குற்றமில்லை என்னும் விந்தையான நிலைக்கு வழிவகுக்கும் வகையில், அவ்வுரையில் விதிமீறல் இல்லை என்று மே மாதத் தொடக்கத்தில் ஆணையம் முடிவு செய்தது. மூன்று ஆணையர்களுள் ஒருவரான அசோக் லவாசா அம்முடிவுக்கு உடன்படவில்லை என்பது செய்தித்தாள்கள் வழியாகவே நாட்டுக்குத் தெரியவந்தது. மாற்றுக் கருத்துகள் கோப்பில் இருக்கும், ஆணையில் இடம்பெறா என்று மே 21 அன்று ஆணையம் பெரும்பான்மையால் தீர்மானித்தது. அவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, ஒருவரின் உயிருக்கோ உடற்பாதுகாப்புக்கோ ஆபத்து விளைக்கும் தகவலுக்கு விலக்களிக்கும் 8(1)(ஜி) பிரிவைக் காட்டி மறுத்தது.

போரை வாக்காக்கும் ஆசை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. அதே மே மாதத்தில் காங்கிரஸ் கட்சியும் தன் ஆட்சியில் ஆறு துல்லியத் தாக்குதல்கள் நடந்தன என்று கணக்குக் காட்டியது. 1999இல் அ.இ.அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதால் ஏப்ரல் 17 அன்று ஒரே வாக்கில் தோற்ற வாஜ்பாய் அரசு, காபந்து அரசாக, அதாவது புதிய அரசு அமையும்வரை அன்றாட நிர்வாகத்தை மட்டும் கவனிக்க வேண்டிய அரசாக இருந்துகொண்டே கார்கில் போரை நடத்தியது. மக்களவை கலைக்கப்பட்டிருந்த அந்நாட்களில் மாநிலங்களவையையாவது கூட்டுமாறு எதிர்க்கட்சிகள் கேட்டதற்கும் அது இணங்கவில்லை. ஊடுருவலை முன்கூட்டி அறியத் தவறியது ஏன் என்று ஆராய்ந்த கே. சுப்பிரமணியம் குழுவின் அறிக்கை தேர்தல் முடிந்த பிறகே வந்தது. அன்று திருவண்ணாமலையை உள்ளடக்கியிருந்த திருப்பத்தூர் தொகுதியில் வென்ற தி.மு.க.வும் வாஜ்பாயின் கூட்டணியில்தான் இருந்தது என்பதை இங்குள்ள கழகத்தார் நினைவுகூர விரும்புவதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். உள்நாட்டுப் போரின் நடுவிலும் 1864இல் தேர்தலைத் தள்ளிப்போடாமல் நடத்திய பெருமை லிங்கனுக்கு உண்டு. 2003 மே மாதம் விமானந்தாங்கிக் கப்பலில் விமானியின் உடையில் வந்திறங்கி, மறு ஆண்டு தம்மைப் போர்க்கால அதிபர் என்று சொல்லிக்கொண்டு வாக்குக் கேட்ட பெருமை புஷ்ஷுக்கு உண்டு. அவரைத் தடுக்க அங்கே தங்கள் ஆணையத்தைப் போன்ற ஓர் அமைப்பு இல்லை. இங்கே இருக்கிறது; இருந்தும் தடுக்கவில்லை.

வாக்காளர் ஏமாறுவதில்லையே, பின் எதற்கு இந்தக் கவலை என்று கேட்கப்படலாம். சித்திரை முழுநிலவுக்கு முந்தைய நாளான ஏப்ரல் 18 அன்று, கிரிவலத்துக்கு ஊர் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில் வாக்களித்த திருவண்ணாமலைத் தொகுதி, இம்முறை எதிரணியில் நின்ற தி.மு.க. வேட்பாளரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது உண்மையே. ஆனால் திருடன் வெறுங்கையோடு திரும்பினான் என்பதற்காகக் காவற்காரர் உறங்கியது சரியாகிவிடாது. அதே நாளில் மதுரைத் தேரோட்டத்தைக் கருதி அங்கு மட்டும் வாக்குப்பதிவை இரவு 8 மணிவரை நீட்டிக்கத் தெரிந்த ஆணையத்துக்கு, லாத்தூர் உரையின் பொருள் விளங்கவில்லை என்பதை நம்புவது கடினம்.

ஆகவே படங்களுக்கு உள்ள தடையை, படை நடவடிக்கையின் பெயரால் வாக்குக் கோரும் பேச்சுக்கும் வெளிப்படையாக விரிவுபடுத்துமாறும், ஆணையர்களின் மாற்றுக் கருத்துகளை ஆணையுடனேயே வெளியிடுமாறும், அதற்கு முதற்படியாக 2019ஆம் ஆண்டின் கோப்புகளைத் திறக்குமாறும் தங்களை இம்மடல் வேண்டுகிறது. அவற்றில் எவருடைய உயிருக்கும் ஊறு விளைக்கும் இரகசியம் இருக்க வழியில்லை. அங்கே ஆராயப்பட்ட உரைகள் எல்லாம் பொதுக்கூட்ட மேடைகளில், ஒலிபெருக்கி வைத்துப் பேசப்பட்டவை.