நீல நிறத்தின் பெயரால்

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருக்க வேண்டும் என்று தில்லியில் அமர்ந்துள்ள பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதித்தது, 2016-இல் அதை மீண்டும் உறுதி செய்தது, 2022-இல்தான் கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மூலிகைச் சாறுகளைப் பற்றிய கட்டுரைகள் நாடெங்கும் பெருகின. அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஓர் இரும்பு ஒடுக்கச் சோதனை உண்டு. ஓர் ஒளிமானி, நான்கைந்து வேதிப்பொருள்கள், ஒரு பிற்பகல் போதும், வரைபடம் கிடைத்துவிடும். அந்த வரைபடத்தைக் கொண்டு 'சிறந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பாற்றல் உடையது' என்று முடிவுரை எழுதுவதுதான் இங்கு மறுக்கப்படுவது.

'ஃபிராப்' எனப்படும் சோதனையை ஐரிஸ் பென்சியும் ஸ்ட்ரெயினும் 1996-இல் வெளியிட்டபோது அதன் பெயரில் இருந்தது 'பிளாஸ்மாவின் ஃபெரிக் ஒடுக்கும் திறன்' என்பதே. 'எதிர்ப்பாற்றல்' என்ற சொல்லை அவர்கள் தலைப்பிலேயே மேற்கோள் குறிக்குள் வைத்தார்கள். 1999-இல் அவர்களே எழுதிய கட்டுரையில் 'பி' என்ற எழுத்து பிளாஸ்மாவிலிருந்து 'பவர்' என்பதற்கு மாறிற்று. நம் ஆய்வேடுகளில் மேற்கோள் குறியும் உதிர்ந்துவிட்டது.

வினை நிகழ்வது 3.6 என்ற அமிலத்தன்மையில், குருதியோ 7.4. இரும்பு கரைசலில் நிற்க அந்த அமிலம் தேவை, அதில் குற்றமில்லை. டி.பி.டி.இசட். சேர்ந்த ஃபெரிக் இரும்பு ஃபெரஸாகும்போது தோன்றும் நீலத்தை 593 நானோமீட்டரில், நான்காம் நிமிடத்தில் அளக்கிறார்கள். பல பாலிஃபீனால்கள் அதற்குள் வினையை முடிப்பதில்லை. அரைமணி கழிந்தும் நிறம் ஏறிக்கொண்டிருக்கும். உடலின் சொந்தக் காவலரான குளுட்டதயோனையோ இச்சோதனை ஏறக்குறையக் காண்பதே இல்லை.

இதனினும் வருந்தத்தக்கது முறைகளின் குழப்பம். ஒயாய்சு 1986-இல் தந்த முறை வேறு. பொட்டாசியம் ஃபெரிசயனைடு, 50 பாகையில் இருபது நிமிடம், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம், இறுதியில் 700 நானோமீட்டரில் பிரஷ்யன் நீலம். இம்முறையை எழுதிவிட்டுத் தலைப்பில் 'ஃபிராப்' என்று இடும் கட்டுரைகள் உண்டு. மேற்கோளாக பென்சியின் பெயரும் இருக்கும்! பிரஷ்யன் நீலம் கரையாமல் படியக்கூடியது. படிந்தால் அளவு பொய்க்கும். சாற்றின் சொந்த நிறத்தைக் கழித்தார்களா என்பதும் பலவற்றில் தெரிவதில்லை. திட்டப்பொருளே இன்றி வெறும் ஒளி உறிஞ்சலை மட்டும் தரும் அட்டவணையை மற்றோர் ஆய்வகத்தின் அட்டவணையோடு எவ்வாறு ஒப்பிடுவது?

ஒடுக்கும் பொருள் எல்லாம் உடலைக் காக்கும் என்ற எண்ணமும் பிழை. இச்சோதனையில் விளையும் ஃபெரஸ் இரும்பே ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து, ஃபென்டன் 1894-இல் விவரித்த வினையின் வழியே ஹைட்ராக்சில் உறுப்பைத் தோற்றுவிக்கிறது. இரும்பும் வைட்டமின் சி-யும் சேர்ந்த கலவையை ஆக்சிஜனேற்றச் சேதத்தை உண்டாக்கவே ஆய்வகங்கள் பயன்படுத்துவதுண்டு. அதே வைட்டமின் சி ஃபிராப்பில் நல்ல மதிப்பெண் பெறும்.

தேநீரும் அவ்வாறே உயர்ந்த மதிப்பைக் காட்டும். உணவோடு பருகினால் அதன் பாலிஃபீனால்கள் குடலில் இரும்பைப் பிணைத்து, உட்கொள்ளலைக் குறைக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அந்நாட்டில் ஒரு சாற்றுக்கு ஃபிராப் மதிப்பை மட்டும் காட்டி 'அன்றாடம் பருகலாம்' என்று பரிந்துரைப்பது அறியாமை என்று விட்டுவிடத்தக்கதன்று. அமெரிக்க வேளாண் துறை 'ஓராக்' என்னும் மற்றொரு சோதனைக்குழாய் மதிப்புகளின் உணவுப் பட்டியலை 2012-இல் தன் இணையதளத்திலிருந்தே நீக்கியது. வணிகர்கள் அதை விளம்பரமாக்கியதும் ஒரு காரணம்.

கருவிக்கு வசதியற்ற கல்லூரி மாணவர் வேறென்ன செய்வார் என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது. மலிவான சோதனையில் இழிவில்லை. ஒரே தாவரத்தின் இலைகளைப் பருவந்தோறும் ஒப்பிடவும், உலர்த்தும் முறைகளைத் தேரவும் ஃபிராப் நன்கு பயன்படும். நான்கு நிமிட அளவோடு முப்பது நிமிட அளவையும் தருவதற்குக் கூடுதல் செலவில்லை. ஃபெரஸ் சல்ஃபேட் திட்ட வரைகோடும் சாற்றுநிறக் கழிவும் சேர்ப்பதும் எளிதே. முடிவுரையில் 'இரும்பை ஒடுக்குகிறது' என்று எழுதினால் போதும்.

இதழ்களின் தரப்பட்டியலையும் மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி அப்பொறுப்பு பல்கலைக்கழகங்களுடையது. துறை ஆய்வுக்குழு கட்டுரைகளை எண்ணுவதற்கு முன், முறைகள் பகுதியில் 593 என்றிருக்கிறதா 700 என்றிருக்கிறதா என்று பார்க்கட்டும்.