துடுப்பின் வேகமே போதும்

குறிஞ்சிக்கு அருவியையும் சுனையையும் நீராக வகுத்தனர் நம் முன்னோர். படகு நெய்தலுக்கு உரியது. ஆதலின், மலைகளின் நடுவே நாள் முழுதும் படகில் சுற்றத்தக்க நீர்ப்பரப்பைக் காணும் தமிழ் மாணவன் வியப்பது இயல்பே. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,580 மீட்டர் உயரத்தில், சபர்வான் மலையடியில் விரிந்து கிடக்கும் ஸ்ரீநகரின் தால் ஏரி அத்தகையது.

அங்குச் செல்வோர் பலர் கரைச்சாலையில் வண்டியேறி விரைந்து, தோட்டந்தோறும் இறங்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். நேரம் மிச்சமாகிறது என்பர். முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அவ்வசதி தேவையே. ஆயினும் இளைஞர் தால் ஏரியைத் துடுப்புப் படகிலேயே காணவேண்டும் என்பது நம் துணிபு.

அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, இக்கரையின் அழகு நீரிலிருந்து காண்பதற்கென்றே அமைந்தது. ஜஹாங்கீர் 1619இல் உருவாக்கத் தொடங்கிய ஷாலிமார் தோட்டத்தை ஏரியோடு ஒரு நீண்ட வாய்க்கால் இணைக்கிறது. நூர்ஜஹானின் உடன்பிறந்தார் ஆசப்கான் அமைத்த நிஷாத் தோட்டம், நீர்க்கரையிலிருந்து மலைநோக்கிப் படிப்படியாக ஏறுமாறு வகுக்கப்பட்டது. பின்னாளில் வந்த சாலையே அதனை ஏரியிலிருந்து பிரித்தது. சிக்காராவில் அமர்ந்து நோக்குவோர்க்கே தோட்டமும் மலையும் ஒரே ஓவியமாகத் தோன்றும். மறுகரையில் ஹஸ்ரத்பால் பள்ளியின் வெண்பளிங்குக் குவிமாடம் துடுப்பு வீச்சுக்கு ஏற்ப மெல்ல மெல்ல அணுகி வருவதும் படகில் செல்வோர் பெறும் பேறாகும்.

இரண்டாவது காரணம் அழகைப் பற்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் கல்விச் சுற்றுலா சென்று திரும்பிய மாணவர்களிடம் பயணக் கட்டுரை கேட்டோம். ஏறக்குறைய அனைவரும் தோட்டங்களைப் புகழ்ந்திருந்தனர். ஒரு மாணவர் மட்டும், இதய வடிவத் துடுப்பில் சிக்கிச் சிக்கி வந்த நீர்க்களையைப் பற்றி எழுதியிருந்தார். படகோட்டி ஒவ்வொரு முறையும் அதனை உதறிவிட்டே செலுத்தினாராம்.

அந்தக் களையே ஏரியின் நோய்க்குறி. நகரின் கழிவுநீரும் படகுவீடுகளின் கழிவும் களைக்கு உரமாகின்றன. அது மடிந்து அழுகுங்கால் நீரின் உயிர்வளி குறைந்து மீன்கள் வாடுகின்றன. மலைச்சரிவுகளினின்று அரித்துவரும் வண்டல் ஏரியைத் தூர்க்கிறது. ஏரியைக் காக்கவெனத் தனி ஆணையம் 1997இல் அமைக்கப்பட்டும் துன்பம் முற்றும் நீங்கவில்லை. மிதக்கும் தோட்டங்களில் காய்கறி விளைத்து, விடியலில் படகுக்குப் படகு விற்று வாழும் ஏரிவாழ் மக்களை மட்டும் குறைகூறுதல் அறமாகாது. நகரத்தார்க்கும், வந்து மகிழ்ந்து செல்லும் நமக்கும் அதில் பங்குண்டு.

வண்டியில் விரைவோர்க்கு இவை புலப்படா. துடுப்பின் வேகமே கண்ணைத் திறக்கும் வேகம். எனவே சுற்றுலாத் திட்டம் வகுப்போர் ஒரு முழுநாளைப் படகுக்கு ஒதுக்குக. கொண்டுசென்ற நெகிழிப் பைகளைத் தவறாது கரைக்குத் திருப்பிக் கொணர்க. நீர்நிலை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் அழகை எழுதி அழுக்கை மறைக்கும் கட்டுரை, எத்துணை இனிய நடையில் அமைந்தாலும், அரைக் கட்டுரையே.

அம்மாணவரின் கட்டுரையில் சந்திப்பிழைகள் பல இருந்தன. ஆயினும் முதல் மதிப்பெண்ணை அதற்கே அளித்தோம்.